பரவையில் ஆட்டம்... சிம்மக்கல்லில் ஜாகை!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அரியர் எத்தனைங்கிற கணக்கை ரிசல்ட் அன்னிக்குப் பார்த்துக்கலாம். இந்நேரம் உங்க கேங்கில் எவனாவது ஒருத்தன் ஆரம்பிச்சிருப்பானே... ‘மச்சி, அதிசயம் போலாமா?’

தென் மாவட்டத்தில் எந்தக் காலேஜில் படித்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் டிகிரி வாங்க முடியாது பாஸ்! மதுரை - திண்டுக்கல் ரோட்டில், பரவையில் இருக்கிற அதிசயம் தீம் பார்க்தான் நம்ம பக்கத்துக்கு டிஸ்னிலேண்ட். உள்ளூர்ப் பசங்களுக்குப் பிரச்னை இல்லை. சாயங்காலம் ஈரத் தலையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கிட்டுப் படுத்துடலாம். ஆனால் விருதுநகர், தேனி, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள்? விடியற்காலையில் வந்து இறங்கினால் பார்க் கேட் திறக்கவே பத்து மணிக்கு மேலாகும். பல் தேய்க்க ஒரு இடம் வேணும். பையைப் போட ஒரு இடம் வேணும். நாள் பூரா தண்ணியில் ஊறிட்டு வந்து கட்டையைச் சாய்க்க ஒரு கட்டில் வேணும். அதுவும் பாக்கெட் மணியில்!

‘பார்க் பக்கத்திலேயே லாட்ஜ் பார்ப்போமே’ என்றுதான் முதலில் தோணும். அமெரிக்காவில் அப்படித்தான். 1955 ஜூலை 17-ம் தேதி கலிஃபோர்னியாவில் அனாஹைம் என்ற ஊரில் டிஸ்னிலேண்ட் திறந்தார் வால்ட் டிஸ்னி. அவர் வாங்கியிருந்தது சுமார் 160 ஏக்கர். பார்க் ஹிட் ஆனதும் சுற்றியிருந்த நிலத்தில் மடமடவென்று மோட்டல்கள் முளைத்தன. ‘பார்க் போட்டது நானு, ரூம் காசு அவனுக்கா?’ என்று மனுஷன் நொந்துபோனார். அடுத்து ஃபுளோரிடாவில் பார்க் கட்ட முடிவு பண்ணினபோது, யாருக்கும் தெரியாமல் வேற வேற கம்பெனி பெயர்களில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார். ரூம் வாடகைக்கு அவ்வளவு மவுசு!

பரவையில் அந்தக் கதை கிடையாது. பார்க்கைச் சுற்றிக் கடைசி வருஷப் பசங்களின் பட்ஜெட்டுக்கு வரிசையாக லாட்ஜ்கள் இருக்கும்னு நம்பி இறங்காதீங்க. இருட்டினால் ஹைவேயில் லாரி சத்தம்தான் துணை. மதுரைக்கு வந்துட்டு ராத்திரி எட்டு மணிக்கே படுக்கிறது மதுரைக்கே அவமானம் இல்லையா? அதனால் பழைய ஆட்கள் சொல்கிற ரூட் இதுதான்: ஆட்டம் பரவையில், ஜாகை சிம்மக்கல்லில்.

சிம்மக்கல் எங்கே இருக்கு?

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வடக்கே, வைகைக் கரைக்குத் தெற்கே. சிம்மம்னா சிங்கம், கல் சிங்கம் பேர் கொடுத்த ஏரியா. ரெண்டு எட்டு வைத்தால் கல் யானை நிற்கிற யானைக்கல். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தால் மீட்டர் சூடாவதற்குள் வந்துவிடும் தூரம் (மீட்டரா... அது எங்கே ஓடுது என்று கேட்காதீங்க. ஏறும் முன்னே பேசிடுங்க!). பெரியார் பஸ் ஸ்டாண்டும் தூரமில்லை, திண்டுக்கல் பக்கம் பஸ் கிளம்பும் ஆரப்பாளையமும் தூரமில்லை. அங்கிட்டுப் போனா கோயில், இங்கிட்டுப் போனா ஆறு.

ஒரு காலத்தில் வெளியூரிலிருந்து சரக்கு வாங்க வருகிற வியாபாரிகள், கோர்ட்டு வழக்குக்கு வருகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் என்று ஒரு ராத்திரித் தங்கலுக்காகவே உருவான லாட்ஜ்கள் இந்தப் பக்கத்து வெளி வீதி, மாசி வீதிகளில் உண்டு. பளிங்குத் தரையெல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஒரு கட்டில், ஒரு ஃபேன், பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், மூலையில் ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். நமக்கு அது போதும். தங்குவதற்கு இடம் தருவது மதுரைக்குப் புதுசும் இல்லை. 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள், சாலை போட்டதோடு நிற்காமல் வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்களும் கட்டினவர். ரயில்வே ஸ்டேஷன் எதிரே அவர் பேரிலேயே சத்திரம் இருக்கிறது. ‘பட்ஜெட் ஹோட்டல்’ என்பதை முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே யோசித்த மதுரைப் பொண்ணு!

‘செக்-அவுட் எத்தனை மணிண்ணே?’

கவுண்டரில் நின்றதும் ‘ரூம் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டு ஏமாறாதீங்க. அதைவிட முக்கியமான கேள்வி இது. நம்ம ஊர் லாட்ஜ்களில் ரெண்டு ஜாதி. ஒண்ணு, ‘24 மணி நேர செக்-அவுட்’. காலை ஆறு மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஆறு மணி வரை ரூம் உங்களுடையது. இன்னொன்று, பகல் 12 மணிக்குக் கணக்கு முடிகிற ரகம். இதில் காலை ஆறு மணிக்கு நுழைந்தால் ஆறே மணி நேரத்தில் முதல் நாள் முடிஞ்சது! நீங்க பார்க்கில் தண்ணிக்குள்ளே குதிச்சிக்கிட்டு இருக்கும்போது இங்கே ரெண்டாவது நாள் வாடகை ஓட ஆரம்பிச்சிருக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியும் முன்னே வந்து இறங்குகிற சென்னைக் கோஷ்டி இதை முக்கியமா நோட் பண்ணுங்க.

அடுத்தது தலைக்கணக்கு. டபுள் ரூமில் நாலு பேர் நுழைவது என்பது நம்ம பாரம்பரியம்தான். ஆனால் ரெண்டு பேர் பெயரை எழுதிட்டு, மத்த ரெண்டு பேரைப் பின்னாடி ஒவ்வொருத்தனாக மாடிக்கு ஏற்றுகிற டெக்னிக் வேணாம். காசு விஷயத்துக்காகச் சொல்லவில்லை. லெட்ஜரில் பெயர் இல்லாதவன், ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இல்லாதவன். எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பாயும் தலையணையும் சல்லிசாக வந்துவிடும்.

பில்லையும் பாருங்க. நாளுக்கு 1,000 ரூபாய் வரைக்கும் இருந்த ரூம்களுக்கு முன்னே ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18-லிருந்து அதற்கும் 12 சதவிகிதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 5 சதவிகிதமாகக் குறைந்தது. ஆக, 1,000 ரூபாய் ரூமுக்கு வரி 50 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சின்ன லாட்ஜ் என்றால் அந்த 50 ரூபாயைக்கூட அவர் உங்களிடம் வாங்கக் கூடாது. ‘டாக்ஸ் எக்ஸ்ட்ரா தம்பி’ என்று சொன்னால், ‘ஜி.எஸ்.டி. நம்பர் போட்ட பில் குடுங்கண்ணே’ என்று சிரிச்சிக்கிட்டே கேளுங்க.

கேர்ள்ஸ், இது உங்களுக்கு!

பசங்க நாலு பேர் போய் நின்றால் கவுண்டரில் கேட்கிற கேள்வி: ‘ஏ.சி.யா, நான் ஏ.சி.யா?’ அதே காலேஜ் பொண்ணுங்க நாலு பேர் போய் நின்றால்: ‘கூட யாரும்மா வந்திருக்கா? வீட்டுல யாரும் வரலையா?’ அப்புறம் ஒரு மௌனம். அப்புறம், ‘ரூம் எல்லாம் ஃபுல்லும்மா.’ பின்னாடி போர்டில் பாதிச் சாவிகள் தொங்கிக்கிட்டே இருக்கும்!

இந்தக் கொடுமைக்காகவே எத்தனையோ பொண்ணுங்க டூரையே கேன்சல் பண்ணியிருக்காங்க. டூரை விடுங்க... டி.என்.பி.எஸ்.சி. எழுத வருகிறவர்கள், இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள், கவுன்சிலிங்குக்கு வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் இதே கதைதான். காலையில் ஒன்பது மணிக்குப் பரீட்சை ஹாலில் உட்கார வேண்டிய பொண்ணு, ராத்திரி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் பையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பது நம்ம ஊருக்கு அழகா, சொல்லுங்க?

சட்டம் என்ன சொல்லுது? 18 வயது ஆன பெண் தனியாக வந்தாலும் சரி, தோழிகளோடு வந்தாலும் சரி, ரூம் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே ரூமில் தங்கியிருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 2019 ஜூனில் கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ‘திருமணமாகாதவர்கள் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது’ என்று சொல்லி, சீலை அகற்ற நீதிபதி எம்.எஸ்.ரமேஷ் அந்த வருஷம் டிசம்பரில் உத்தரவு போட்டார். ஜோடிக்கே இப்படின்னா, நாலு தோழிகள் ஒண்ணாகத் தங்க யார் தடுக்க முடியும்?

ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கவுண்டரில் நின்று தீர்ப்பு வாசிச்சா ரூம் கிடைச்சிடுமா? கிடைக்காது. அதனால் கிளம்பும் முன்னே ஊரிலிருந்தே போன் போடுங்க. ‘நாங்க நாலு பேரும் காலேஜ் பொண்ணுங்க, எல்லாருக்கும் பதினெட்டு தாண்டிடுச்சு, ஐ.டி. இருக்கு, ரூம் உண்டா?’ என்று நேராகக் கேட்டு, உண்டு என்கிற இடத்தில் அட்வான்ஸ் அனுப்பி, அந்த மெசேஜைப் பத்திரமாக வையுங்க. மேலவெளி வீதியில் அரசுச் சுற்றுலாக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, அதையும் விசாரிக்கலாம். ரயிலில் வருகிறவர்களுக்கு ரயில்வே ரிடையரிங் ரூம்கள் உண்டு. கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டின் பி.என்.ஆர். நம்பரை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி.யில் புக் பண்ணணும். அங்கே ‘கூட யாரும்மா?’ கேள்வி கிடையாது!

முதல் வருஷப் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஒரு கெட்ட செய்தி. உங்களில் நிறையப் பேருக்கு இன்னும் 17 வயசுதான். பெரியவர்கள் யாராவது கூட இல்லாமல் ரூம் தர மாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சீனியரையோ, சித்தப்பாவையோ தள்ளிக்கிட்டு வாங்க.

ஐ.டி. என்றதும் ஆதார் கார்டை அப்படியே நீட்டாதீங்க. கடைசி நாலு நம்பர் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு ஆதார்’ இருக்கிறது, ஆதார் வெப்சைட்டிலேயே இறக்கிக்கலாம். டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஜெராக்ஸ் கேட்டால், குறுக்கே தேதியையும் ‘ரூம் எடுப்பதற்கு மட்டும்’ என்பதையும் பேனாவால் எழுதிக் கொடுங்க. அந்த ஜெராக்ஸ் நாளைக்கு எந்த பஜ்ஜிக் கடையில் எண்ணெய் உறிஞ்சும்னு யாருக்குத் தெரியும்!

சாவி கையில வந்ததும்...

உடனே பெட்டில் விழாதீங்க. அஞ்சு நிமிஷம் வேலை இருக்கு. கதவுத் தாழ்ப்பாள் உள்ளே சரியாக விழுகிறதா? ஜன்னல் சாத்துகிறதா? பாத்ரூம் வென்டிலேட்டர் எங்கே பார்க்கிறது? கண்ணாடி, ஸ்விட்ச் போர்டு, வாட்டர் ஹீட்டர், சுவரில் காரணமே இல்லாமல் இருக்கிற ஓட்டை... எல்லாத்தையும் ஒரு முறை முறைச்சுப் பாருங்க. சந்தேகப்படுகிற மாதிரி எது கண்ணில் பட்டாலும் தொடாமல் போட்டோ எடுத்துட்டு 112-க்கு அடியுங்க. பெண்கள் உதவிக்கு 181-ம் இருக்கு. மறைவாகப் படம் எடுப்பது சமாதானம் பேசி முடிக்கிற சமாசாரம் இல்லை, ஜெயில் தண்டனை உள்ள குற்றம்.

அதோடு, படிக்கட்டு எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. சிரிக்காதீங்க. 2024 செப்டம்பர் 12-ம் தேதி விடியற்காலை, இதே மதுரையில், பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருக்கிற கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. தூக்கத்தில் இருந்த பெண்களைப் புகை சூழ்ந்தது. ரெண்டு பேர் இறந்துபோனார்கள். பழைய மதுரையின் தெருக்கள் எவ்வளவு குறுகல் என்று உங்களுக்கே தெரியும். தீயணைப்பு வண்டி உள்ளே திரும்புவதற்கே நேரமாகும் சந்துகள் உண்டு. ஒரே படிக்கட்டு, அதன் வாசலில் பைக்குகள், ஜன்னலில் எல்லாம் இரும்புக் கம்பி, மாடிப் படிக்குப் பூட்டு... இப்படி இருக்கிற இடத்தில் அம்பது ரூபாய் குறைவு என்பதற்காகத் தங்காதீங்க. முதல் மாடி கிடைத்தால் அஞ்சாவது மாடி வேண்டாம். ராத்திரி முழுக்க நாலு செல்போன், ஒரு பவர் பேங்க் எல்லாத்தையும் ஒரே பிளக்கில் மாட்டிட்டுத் தூங்குகிற வேலையும் வேண்டாமே!

கிளம்பலாமா பரவைக்கு?

சிம்மக்கல்லிலிருந்து பரவை பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். ஆரப்பாளையத்தில் சமயநல்லூர், சோழவந்தான் பக்கம் போகும் டவுன் பஸ்ஸைக் கேட்டு ஏறுங்க. பாத்திமா கல்லூரி, விளாங்குடி எல்லாம் தாண்டினால் பரவை. கேர்ள்ஸுக்கு இதில் ஒரு ஜாக்பாட் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அவசரப்பட்டுத் திண்டுக்கல் வண்டியில் ஏறினால் காசும் போச்சு, பரவையில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கெஞ்சவும் வேணும். பரவை முனியம்மா பாட்டியின் ஊர் என்ற மரியாதையோடு இறங்குங்க!

ஞாயிற்றுக்கிழமையும் மே மாசமும் வேண்டவே வேண்டாம். ஒரு ரைடுக்கு நிற்கிற க்யூவில் ஒரு யூனிட் படிச்சு முடிச்சிடலாம். வார நாளில், பள்ளிக்கூடம் நடக்கிற சமயத்தில் போனால் ஒரே சறுக்கில் அஞ்சு முறை சறுக்கலாம். காலேஜ் லெட்டர்ஹெட்டில் கடிதம் கொண்டுபோனால் குரூப்புக்குச் சலுகை உண்டா என்று முன்கூட்டியே போனில் கேளுங்க. தீம் பார்க்குகளில் மாணவர் சலுகை சர்வ சாதாரணம், கேட்டால்தான் கிடைக்கும்.

டிரெஸ் விஷயத்தில் சண்டை போடாதீங்க. தண்ணி ரைடுகளுக்கு ஜீன்ஸ், காட்டன் சுடிதார் எல்லாம் வேண்டாம் என்று சொல்வது கலாசாரக் காவல் இல்லை. பருத்தி நூல் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும், நனைஞ்ச ஜீன்ஸ் உங்களையே கீழே இழுக்கும். நைலான் டிரெஸ்ஸை ஊரிலிருந்தே எடுத்துட்டுப் போனால் வாடகை மிச்சம். துப்பட்டா, நீள முடி, செயின் எல்லாத்தையும் கட்டி ஒதுக்கிட்டுத்தான் சுற்றுகிற ரைடில் ஏறணும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிடுங்க.

இன்னொரு ரகசியம். குளத்துப் பக்கம் போனதும் குப்பென்று ஒரு மருந்து வாசனை அடிக்குமே... ‘நல்லா குளோரின் போட்டிருக்காங்கப்பா’ என்று நிம்மதி ஆகாதீங்க. சுத்தமான தண்ணியில் அவ்வளவு வாசனை வராது. குளோரின், நம்ம ஆட்களின் வேர்வையோடும் இன்னொரு சமாசாரத்தோடும் (ஆமா, அதேதான்!) சேரும்போது உண்டாகிற குளோரமைன்தான் அப்படி நாறும், கண்ணையும் சிவக்க வைக்கும். இறங்கும் முன்னே ஷவரில் குளிக்கச் சொல்வது அதுக்குத்தான்.

ரைடில் ஏறும்போது ஹீரோ வேஷம் வேண்டாம். 2012-ல் பூந்தமல்லி பக்கம் ஒரு பார்க்கில், சுற்றுகிற ரைடிலிருந்து ஓர் இளம் விமானப் பணிப்பெண் விழுந்து இறந்தார். 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் இன்னொரு பார்க்கில் புது ரைடைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதனால் பாதுகாப்புக் கம்பி ‘கிளிக்’ என்று விழுந்ததா என்று நீங்களே இழுத்துப் பாருங்க. விழவில்லை என்றால் கத்துங்க. ஆபரேட்டர் முறைத்தால் முறைக்கட்டும், இறங்கிடுங்க. பெல்ட் பிய்ந்திருந்தால் அந்த ரைடு இல்லாமலேயே உங்க ஜென்மம் சாபல்யம் அடையும்.

இந்த ராட்டினத்துக்கெல்லாம் தாத்தா, 1893-ல் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற இன்ஜினீயர் நிறுத்தினது. உயரம் 264 அடி! பாரிஸ்காரன் ஈஃபிள் டவர் கட்டிட்டானே என்ற ரோஷத்தில் பிறந்த ராட்டினம் அது. மதுரைக்காரர்களுக்குப் பல வருஷம் சித்திரை சமயத்தில் தமுக்கத்தில் போட்ட பொருட்காட்சிதான் தீம் பார்க். ஜெயன்ட் வீல், டெல்லி அப்பளம், மரணக் கிணறு மூணும் பார்த்தால் அந்த வருஷம் சித்திரை முடிஞ்சது. உங்க அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்க, கண்ணில் லைட் எரியும்.

ராத்திரிதான் மதுரை!

ஏழு மணிக்குள் சிம்மக்கல் திரும்பினால், பசி தலைக்கு ஏறியிருக்கும். கவலையே வேண்டாம், தங்கியிருக்கிற ஏரியா அப்படி. சிம்மக்கல் கோனார் கடையின் கறி தோசை, மதுரைக்கு வெளியேயும் பேர் வாங்கினது. கனமான தோசை, அதன் மேலே முட்டை, அதுக்கு மேலே மட்டன் கறி. ஒண்ணு சாப்பிட்டால் ரெண்டு பேருக்குச் சமம், விலையும் இட்லி விலை இல்லை, அதனால் பங்கு போட்டுக்கோங்க. சைவப் பார்ட்டிகள் தள்ளுவண்டிப் பக்கம் ஒதுங்கினால் ஆவி பறக்கிற இட்லிக்கு நாலு வகைச் சட்னி கிடைக்கும். அப்படியே நடந்தால் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா.

மறுநாள் காலையை தூங்கியே கழிக்காதீங்க. அஞ்சு, அஞ்சரைக்கு எழுந்தால் மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போயிடலாம், கூட்டமும் இருக்காது. செல்போனை ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்க. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் உள்ளே செல்போனுக்குத் தடை. திரும்பும் வழியில் வடக்குவெளி வீதியில் சேதுபதி பள்ளிக்கூடத்தைப் பாருங்க. 1904-ல் மூணு மாசம் பாரதியார் தமிழ் வாத்தியாராக இருந்த இடம். ஆற்றுக்கு அக்கரையில் தமுக்கத்தில் காந்தி மியூசியம், ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனையாக இருந்த கட்டடம். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணியை அங்கே வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் போட்ட ஆட்டத்துக்கு அப்படியே நேர் எதிரான ஒரு அமைதி அங்கே கிடைக்கும்.

ஒரே ஒரு வாரத்தை மட்டும் காலண்டரில் அடித்துவிடுங்க. கள்ளழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரைத் திருவிழா வாரம். சிம்மக்கல்லே ஆற்றங்கரை. ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை உச்சாணிக் கொம்பில் இருக்கும், பஸ் எல்லாம் சுற்றிச் சுற்றிப் போகும். அழகரைப் பார்க்க வருவது என்றால் அதுக்குன்னு தனியா வாங்க, தரையில் துண்டை விரித்துப் படுக்கத் தயாரா வாங்க.

கிளம்பும்போது ஈரத் துணியைத் தனிக் கவரில் போடுங்க, இல்லாட்டி ஊர் போய்ச் சேரும்போது ரெக்கார்ட் நோட்டும் சேர்ந்து நாறும். பாத்ரூம் ஆணியில் மோதிரம், வாட்ச் தொங்குதா பாருங்க. சாவியைக் கவுண்டரில் வைக்கும்போது அட்வான்ஸில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்க. நிறையப் பேர் பஸ் அவசரத்தில் விட்டுட்டுப் போற காசு அது. தெருமுனையில் நிற்கிற வண்டியில் நாலு பேருக்கும் சுடச்சுடப் பருத்திப்பால் குடிக்க அது போதும்!